கதைப் புத்தகமும் நம்ம காசும்
கைபேசியில் ஏமாறாமல், கட்டுப்படியான விலையில் நாவல் வாங்குவது எப்படி?



இந்த மாதப் பாடம் கொஞ்சம் வித்தியாசமானது. கடன், வட்டி, வங்கி இணைப்பு எல்லாம் இதில் இல்லை. நம்மில் பலருக்குப் பிடித்த, ஆனால் வெளியே சொல்லக் கூச்சப்படுகிற ஒரு விஷயம் பற்றியது. அதுதான் கதைப் புத்தகம், குறிப்பாகக் குடும்ப நாவல், காதல் நாவல்.

"இதெல்லாம் ஒரு பாடமா மேடம்?" என்று நீங்கள் கேட்கலாம். ஏன் எழுதுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஓர் அக்காவின் அனுபவம்

எங்கள் களப்பகுதியில் ஒரு குழுவின் பிரதிநிதி அக்கா. வயது ஐம்பதை நெருங்குகிறது. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றவர். வகுப்பு முடிந்ததும் கூடப் படித்த பல பேர் எழுத்தை மறந்துவிட்டார்கள். இவர் மறக்கவில்லை. காரணம் கேட்டேன். "கதைப் புத்தகம்தான் தங்கச்சி. ரமணிசந்திரன் கதை ஒண்ணு கையில கிடைச்சா அடுத்து என்ன ஆகும்னு தெரியணுமே! அதுக்காகவே எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி வேகமா படிக்கப் பழகிட்டேன்" என்றார். இன்றைக்குக் குழுவின் தீர்மான நோட்டு, ரொக்கப் பதிவேடு எல்லாம் அவர் கையெழுத்துதான்.

டவுனில் இருந்த வாடகை நூலகம் மூடிய பிறகு அவருக்குப் புத்தகம் கிடைக்கவில்லை. ஒருநாள் கைபேசியில் ஒரு விளம்பரம் வந்தது. '30 குடும்ப நாவல்கள், வெறும் 499 ரூபாய், இன்று மட்டும்!' மகன் சொல்லிக்கொடுத்தபடி கியூ.ஆர். கோடு வழியாகப் பணம் அனுப்பினார். பார்சல் வரவில்லை. அதில் இருந்த நம்பருக்கு போன் செய்தார். "பணத்தைத் திருப்பி அனுப்புறோம்மா, பின் நம்பர் மட்டும் போடுங்க" என்றார்கள். போட்டார். இன்னும் 1,999 ரூபாய் போய்விட்டது.

மூன்று வாரம் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்காரருக்குத் தெரிந்தபோது, "இந்த வயசுல காதல் கதை கேக்குதா?" என்று கைபேசியையே வாங்கி வைத்துக்கொண்டார். பணம் போனதைவிட அந்த வார்த்தைதான் வலித்தது என்று அழுதார். நாங்கள் புகார் கொடுத்தோம். ஆனால் நாள் கடந்துவிட்டதால் பணம் திரும்பவில்லை.

யோசித்துப் பாருங்கள். வீட்டில் யாராவது செருப்பு வாங்கி ஏமாந்தால் அதைக் கடைக்காரன் தப்பு என்கிறோம். பெண் கதைப் புத்தகம் வாங்கி ஏமாந்தால் மட்டும் அவள் தப்பு ஆகிவிடுகிறது. அந்தப் பயத்தால்தான் அவர் மூன்று வாரம் வாய் திறக்கவில்லை. அந்த மூன்று வாரம்தான் திருடனுக்கு உதவியது. ஆகவே இந்தப் பாடத்தின் முதல் வரி: படிப்பது தப்பில்லை. ஏமாந்ததைச் சொல்வதும் வெட்கமில்லை.

பெண்கள் எழுதிய, பெண்கள் படித்த கதைகள்

நாவல் படிப்பது புதுப் பழக்கம் இல்லை. 1901-ல் பிறந்த வை. மு. கோதைநாயகி அம்மாளுக்குச் சிறு வயதிலேயே கல்யாணம் ஆகிவிட்டது. பள்ளிக்கூடம் போனதில்லை. எழுதப் பழகாததால் முதல் படைப்பான நாடகத்தை அவர் வாயால் சொல்ல, தோழி ஒருவர் எழுதினார். பிறகு நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதினார். 'ஜகன்மோகினி' என்ற பத்திரிகையையும் நடத்தினார். எழுத்தாளர் லட்சுமி ஒரு டாக்டர். மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது கதை எழுதிக் கிடைத்த பணம் அவர் படிப்புக்கு உதவியது. 1984-ல் சாகித்திய அகாதமி விருதும் பெற்றார்.

பிறகு மாத நாவல்கள் வந்தன. 1969-ல் 'ராணி முத்து' தொடங்கியது. பஸ் ஸ்டாண்டு கடையிலும் பெட்டிக்கடையிலும் குறைந்த விலையில் ஒரு முழு நாவல் கிடைத்தது. சிவசங்கரி, இந்துமதி, அனுராதா ரமணன், ரமணிசந்திரன் என்று பெண் எழுத்தாளர்களின் கதைகளைப் பீடி சுற்றும் இடத்திலும் தையல் மிஷின் பக்கத்திலும் வைத்துப் படித்தார்கள். நம் அம்மாக்கள் படித்த புத்தகம்தான் இது.

வாங்குவதற்கு முன்: தேடும் முறை

இப்போது விஷயத்துக்கு வருவோம். கைபேசியில் புத்தகம் தேடும்போது கவனிக்க வேண்டியவை:

1. பெயரை இரண்டு மூன்று விதமாகத் தேடுங்கள். கடைக்காரர்கள் ஒரே எழுத்தாளர் பெயரை 'ரமணிசந்திரன்', 'ரமணிச்சந்திரன்', 'ரமணி சந்திரன்' என்று பல விதமாகப் பதிவு செய்திருப்பார்கள். ஆங்கில எழுத்திலும் அப்படித்தான். ஒரு விதத்தில் கிடைக்காத புத்தகம் இன்னொரு விதத்தில் கிடைக்கும், சில சமயம் குறைந்த விலையிலும் கிடைக்கும். டைப் அடிக்க வராவிட்டால் மைக் படத்தை அழுத்திப் பேசினாலே போதும்.

2. அச்சுப் புத்தகமா, மின்னூலா என்று பாருங்கள். பெரிய விற்பனைத் தளங்களில் ஒரே பக்கத்தில் இரண்டும் இருக்கும். மின்னூல் விலை குறைவாகத் தெரியும். ஆசைப்பட்டு அழுத்தினால் வீட்டுக்குப் புத்தகம் வராது, கைபேசியில்தான் படிக்க முடியும். 'பேப்பர்பேக்' என்று போட்டிருந்தால்தான் சாதா அட்டை போட்ட அச்சுப் புத்தகம். கெட்டி அட்டைப் புத்தகம் விலை கூடும்.

3. அச்சிட்ட விலையைக் கேளுங்கள். புதுப் புத்தகத்தின் உள்ளேயோ பின்னட்டையிலோ விலை அச்சடித்திருக்கும். அதற்கு மேல் கேட்டால் வாங்க வேண்டாம். அச்சுப் புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. வரி கிடையாது. 'வரி தனி' என்று யாராவது சொன்னால் உஷார் ஆகிவிடுங்கள்.

4. 13 இலக்க எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பல புத்தகங்களின் பின்னட்டையில் கோடு கோடாக இருக்கும் இடத்தில் 978 என்று தொடங்கும் ஓர் எண் இருக்கும். அந்த எண்ணைப் போட்டுத் தேடினால் அதே பதிப்பு வரும். ஒரு கடையில் 150, இன்னொரு கடையில் 120 என்று ஒப்பிட்டுப் பார்க்க இது உதவும்.

5. இரண்டு தடவை வாங்கிவிடாதீர்கள். சின்ன நாவல்கள் இரண்டைச் சேர்த்து ஒரே புத்தகமாகப் போடுவதும் உண்டு. 'உள்ளே என்னென்ன கதை?' என்று கேட்டு, ஏற்கெனவே படித்ததா என்று பார்த்து வாங்குங்கள். படித்த நாவல்களின் பெயரை ஒரு நோட்டில் எழுதி வைப்பது நல்லது.

பழைய புத்தகம் வாங்கும்போது

பழைய புத்தகம் பாதி விலைக்கும் கிடைக்கும். வாட்ஸ்அப் வழியாகப் பழைய புத்தகம் விற்கும் நேர்மையான சிறு வியாபாரிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் பலர் முன்பணம்தான் கேட்பார்கள். முன்பணம் கேட்டாலே திருடன் என்று சொல்ல முடியாது. ஆனால் சோதித்துப் பார்க்காமல் கொடுக்கக் கூடாது. இப்படிச் செய்யுங்கள்:

• ஒரு துண்டுச்சீட்டில் உங்கள் பெயரையும் அன்றைய தேதியையும் எழுதி, புத்தகத்தின் மேல் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். புத்தகம் கையில் வைத்திருப்பவர் இரண்டு நிமிடத்தில் அனுப்புவார். இல்லாதவர் சாக்குச் சொல்வார்.

• முன்னட்டை, விலை போட்ட பக்கம், கடைசிப் பக்கம் மூன்றுக்கும் படம் கேளுங்கள். வாடகை நூலகத்துப் பழைய புத்தகங்களில் கடைசிப் பக்கம் கிழிந்து போயிருப்பது சகஜம். முந்நூறு பக்கம் படித்துவிட்டு இருவரும் சேர்ந்தார்களா இல்லையா என்று தெரியாமல் தூக்கம் கெட்டவர்கள் நம் கூட்டமைப்பிலேயே இருக்கிறார்கள்!

• முதல் தடவை ஒரே ஒரு புத்தகம் மட்டும் வாங்குங்கள். ஒழுங்காக வந்தால் அடுத்த தடவை ஐந்து வாங்கலாம்.

• தபால் அல்லது கூரியர் செலவு எவ்வளவு என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். அனுப்பிய பிறகு கண்காணிப்பு எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

போலிக் கடையை எப்படிக் கண்டுபிடிப்பது?

கீழே சொன்னவற்றில் இரண்டு இருந்தாலே அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

• நம்ப முடியாத விலை. 30 நாவல் 499 ரூபாய் என்றால் ஒரு நாவல் 17 ரூபாய்கூட இல்லை. காகிதம், அச்சு, தபால் செலவுக்கே அது காணாது. சந்தையில் தக்காளி விலையை ஒரு ரூபாய்க்குப் பேரம் பேசுகிற நாம், இந்தக் கணக்கை மட்டும் ஏன் போடாமல் விடுகிறோம்?

• 'இன்று மட்டும்', 'இன்னும் 10 நிமிடம்' என்று அவசரப்படுத்துவது.

• கடையின் முகவரி இல்லாதது. 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, இணையத்தில் விற்கும் நிறுவனம் தன் பெயர், முகவரி, குறைதீர்க்கும் அலுவலரின் பெயர், தொடர்பு விவரம் ஆகியவற்றைப் போட வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை கொடுத்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

• கடைப் பெயர் ஒன்று, கியூ.ஆர். கோடில் வரும் பெயர் வேறு என்று இருப்பது.

• வேறு ஏதோ ஆப்பை இறக்கச் சொல்வது. உங்கள் திரையை அவர்கள் பார்க்கும்படி செய்யும் ஆப்பாக அது இருக்கலாம்.

முக்கியமாக இதை மனப்பாடம் செய்யுங்கள்: பணம் கொடுக்கத்தான் பின் நம்பர். பணம் வாங்கப் பின் நம்பர் தேவையே இல்லை. 'ரீஃபண்டு வரணும்னா பின் போடுங்க' என்று எவன் சொன்னாலும் அவன் திருடன்.

முடிந்தவரை, பொருள் வந்த பிறகு பணம் தரும் முறையைத் தேர்ந்தெடுங்கள். அதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. பல கூரியர்கள் பணம் வாங்கிய பிறகுதான் பார்சலைப் பிரிக்க விடுவார்கள். ஆகவே பிரிக்கும்போது வீட்டில் ஒருவரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். கிழிந்தோ நனைந்தோ வேறு புத்தகமோ வந்திருந்தால் மாற்றிக் கேட்க அதுதான் சாட்சி. மாற்றிக்கொள்ள எத்தனை நாள் அவகாசம் என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஆர்டர் செய்யாத பார்சல் வந்தால் பணமும் கொடுக்காதீர்கள், ஓ.டி.பி.யும் சொல்லாதீர்கள்.

ஏமாந்துவிட்டால் என்ன செய்வது?

உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். இது பண மோசடிக்கான சைபர் குற்ற உதவி எண். எவ்வளவு சீக்கிரம் பேசுகிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்று விடக் கூடாது. பணம் போன நேரம், தொகை, பரிவர்த்தனை எண் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள்.

உண்மையான கடைதான், ஆனால் தப்பான பொருள் கொடுத்து மாற்றித் தர மறுக்கிறது என்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம்.

சேர்ந்து வாங்கினால் செலவு குறையும்

குழுவாகச் சேர்ந்தால் என்ன பலம் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. புத்தகத்துக்கும் அதே கணக்குத்தான். ஓர் உதாரணம் பாருங்கள்.

ஒரு பழைய நாவல் 60 ரூபாய், தபால் செலவு 50 ரூபாய் என்று வைப்போம். தனியாக வாங்கினால் 110 ரூபாய்.

ஐந்து நாவலை ஒரே பார்சலில் வாங்கினால் 300 ரூபாய். தபால் 80 ரூபாய். மொத்தம் 380. ஒரு நாவல் 76 ரூபாய்தான்.

இதையே 13 பேர் ஆளுக்கு 30 ரூபாய் போட்டு வாங்கினால் 390 ரூபாய் சேரும். 380 செலவு, 10 ரூபாய் மிச்சம். ஆளுக்கு ஐந்து நாவல் படிக்கக் கிடைக்கும். ஒரு நாவலுக்கு ஒருவருக்கு ஆகும் செலவு 6 ரூபாய்தான். ஒரு டீக்காசுகூட இல்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒருவர் ஒரு புத்தகத்தை ஒரு வாரம் வைத்துக்கொண்டால், ஐந்து புத்தகமும் 13 பேரையும் சுற்றிவர 13 வாரம் ஆகும். அதாவது மூன்று மாதம். ஆகவே மாதாமாதம் 30 ரூபாய் போட வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போட்டால் போதும்!

ஆனால் சில விதிகள் கட்டாயம்:

• குழுவின் சேமிப்பிலிருந்தோ கடன் தொகையிலிருந்தோ ஒரு ரூபாய்கூட எடுக்கக் கூடாது. புத்தகக் காசு தனி.
• விருப்பம் உள்ளவர்கள் மட்டும் சேரட்டும். யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது.
• யார் காசு கொடுத்தார், எந்தப் புத்தகம் யார் கையில் இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.
• ஆர்டர் போடும்போது இரண்டு பேர் கூட இருந்து பார்க்க வேண்டும். நாலு கண் பார்த்தால் ஏமாற்றுவது கஷ்டம்.

காசே இல்லாமலும் படிக்கலாம்

வாங்குவதற்கு முன் பக்கத்து நூலகத்தைப் பாருங்கள். நம் வீட்டுச் சொத்து வரியோடு, ஒரு ரூபாய்க்கு 10 பைசா வீதம் நூலக வரியும் கட்டுகிறோம். ஆகவே அரசு நூலகம் யாரோ கொடுக்கும் தானம் இல்லை, நம் காசில் நடப்பது. 2006-ல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் பல ஊராட்சிகளில் நூலகக் கட்டடம் கட்டினார்கள். உங்கள் ஊரில் அது பூட்டிக் கிடந்தால் கிராம சபையில் எழுந்து கேளுங்கள்.

மாவட்டத் தலைநகரில் புத்தகக் கண்காட்சி நடக்கும்போது போய் வாருங்கள். பல அரங்குகளில் 10 சதவீதம் தள்ளுபடி கிடைக்கும், தபால் செலவும் இல்லை, புரட்டிப் பார்த்தும் வாங்கலாம். காப்புரிமை முடிந்த பழைய நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகவே படிக்கலாம்.

ஒரு வேண்டுகோள். புது நாவல்களைத் திருட்டுத்தனமாகப் படம் எடுத்து 'பி.டி.எஃப்.' என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அதை வாங்கவும் வேண்டாம், அடுத்தவருக்கு அனுப்பவும் வேண்டாம். இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு வரை அந்த எழுத்து அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் சொந்தம். நாம் செய்த ஊறுகாயை ஒருவர் காசு கொடுக்காமல் எடுத்துப்போய் விற்றால் சும்மா இருப்போமா? கதை எழுதுகிற பெண்ணுக்கும் அது உழைப்புத்தானே.

அந்த அக்கா இப்போது

முதலில் சொன்ன அக்காவின் கதையை முடிக்காமல் விட்டால் எனக்கும் கடைசிப் பக்கம் கிழித்த பாவம் சேரும்.

அவர் நடந்ததைக் குழுக் கூட்டத்தில் எழுந்து சொன்னார். குரல் நடுங்கியது. சொல்லி முடித்ததும் இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். ஒருவர் சேலையில் ஏமாந்தவர், ஒருவர் குக்கரில் ஏமாந்தவர். அவர்களும் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கே 13 பேர் சேர்ந்து தனி நோட்டுப் போட்டார்கள். முதல் பார்சல் குழுக் கூட்டத்திலேயே பிரிக்கப்பட்டது. ஒரு புத்தகம் நனைந்து வந்திருந்தது. வீடியோவை அனுப்பினோம், மாற்றிக் கொடுத்தார்கள்.

கைபேசியும் திரும்ப வந்துவிட்டது. வங்கிக் குறுஞ்செய்தி பார்க்க ஆள் இல்லாமல் வீட்டுக்காரர் இரண்டு தடவை அலைந்ததும் அவரே கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். "ஸாரி கேட்டாரா அக்கா?" என்றேன். "அதெல்லாம் கதையிலதான் தங்கச்சி கேப்பாங்க" என்று சிரித்தார்.

குழுக் கூட்டத்தில் பேசிப் பார்க்க

1. கைபேசியில் பொருள் வாங்கி ஏமாந்தவர்கள் நம் குழுவில் உண்டா? உடனே ஏன் சொல்லவில்லை?
2. 'பணம் வாங்கப் பின் நம்பர் தேவையில்லை.' இதை எல்லா உறுப்பினரும் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லுங்கள்.
3. 1930, 1915 இரண்டு எண்களையும் எல்லோர் கைபேசியிலும் பதிவு செய்யுங்கள். பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கு ஊக்குநர் பதிந்து கொடுக்கவும்.
4. நம் ஊர் நூலகம் எத்தனை மணிக்குத் திறக்கிறது? இரண்டு பேர் போய்ப் பார்த்துவிட்டு வந்து அடுத்த கூட்டத்தில் சொல்லவும்.
5. ஒரு நாவல் 80 ரூபாய், தபால் 40 ரூபாய். நான்கு நாவல் சேர்ந்து வாங்கினால் தபால் 70 ரூபாய். தனியாக வாங்கினால் ஒரு நாவல் எவ்வளவு? சேர்ந்து வாங்கினால் எவ்வளவு? கணக்குப் போட்டுத் தீர்மான நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த மாதம் வரும்போது பார்க்கிறேன்.